முன்கூட்டியே கீழ்ப்படிந்தவர்

அந்தத் தெருவில் எவரும் ‘எனக்குத் தோன்றியது, செய்தேன்’ என்று சொல்வதில்லை. எங்கும் எழுதி ஒட்டப்படாத, எவரும் எவருக்கும் சொல்லித்தராத விதி அது. எல்லோருக்கும் ஏதேனும் தோன்றத்தான் செய்தது. தோன்றியதைச் செய்யவும் செய்தார்கள். காரணம் கேட்டால் மட்டும் ‘உத்தரவு’ என்றார்கள். தொற்றுநோய் வந்தபோது இந்த ஒற்றைச் சொல் தெரு முழுவதற்கும் போதுமானதாக இருந்தது. தையல்காரர், மனைவி கர்ப்பிணி என்பதால் கடையைச் சாத்தினார். கேட்டவர்களிடம் ‘உத்தரவு’ என்றார். பேக்கரிக்காரர் மாமனார் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்ததற்கும் உத்தரவையே காரணம் காட்டினார். அந்த நாளில் உத்தரவு எதுவும் பிறக்கவே இல்லை என்பதை மாமனார் உட்பட எவரும் சுட்டிக்காட்டவில்லை. தனக்குப் புத்தி இருப்பதை ஒருவன் ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், நாளை ஏதேனும் தவறு நடக்கும்போது அது யாருடைய புத்தி என்று தேடிக்கொண்டு வருவார்கள். ஆகையால் தெருவாசிகள் தத்தம் புத்தியை வீட்டோடு வைத்துப் புழங்கினார்கள்.

கண்ணாடிக் கடைக்காரருக்கும் இந்த விதி தெரியும். அவருடைய தொழில்தான் அதற்குப் பொருந்தாத தொழில். மூக்குக் கண்ணாடிக்குக் கண் பார்ப்பது என்பது வாடிக்கையாளரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டு, கனத்த வட்டச் சட்டகத்தை அவர் மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, “இது நல்லா தெரியுதா, இல்ல இதுவா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பது. வாடிக்கையாளர் வாய் திறந்து இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் அது பெரும்பாடு. பலர் அவர் முகத்தையே பார்ப்பார்கள். சிலர், “நீங்களே சொல்லுங்களேன்” என்பார்கள். அவர் விடமாட்டார். பார்க்கிற கண் அவருடையது அல்லவே.

கடைக்குப் பின்னால், ஒரு ஒட்டுப்பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், அவருடைய அக்கா இருந்தாள். நூற்பாலையில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தே இளமையைக் கழித்தவள். ஒரு பக்க நுரையீரலை அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த பக்கத்தைக்கொண்டு அவள் மூச்சும் விட்டாள், தம்பியை ஏசவும் செய்தாள். பக்கத்து வட்டாரத்து மருத்துவமனையில் படுக்கை இல்லை என்ற செய்தி வந்த அன்று, அவர் வாடிக்கையாளர் நாற்காலியைக் கவிழ்த்து வைத்தார். கண்ணாடி உறை வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, அதில் எழுதிக் கதவில் தொங்கவிட்டார்:

‘அக்காவுக்கு மூச்சு நோய். கடை திறக்க மனமில்லை. கண்ணாடி உடைந்திருந்தால் ஜன்னலைத் தட்டவும்.’

கீழே தேதியும் போட்டார். எதை எழுதினாலும் தேதி போடுவது அவருடைய வழக்கம்.

உத்தரவு அடுத்த வாரம்தான் வந்தது. தெருவைக் காலி செய்யும்படி அறிவிக்கும் ஒலிபெருக்கி வண்டி காலியான தெருவுக்குள் நுழைந்தது. கேட்பதற்கு ஆள் இல்லாததால் இன்னொரு சுற்றும் வந்தது. கேட்டுக்கொண்டிருந்த நாய் ஒன்று எழுந்து போயிற்று. வண்டியில் இருந்தவர்கள் அதை முதல் வெற்றியாகப் பதிவு செய்தார்கள்.

இந்த வெற்றிகளைத் தொகுப்பதற்காக முடக்கப் பலன் நிலைநாட்டுத் துறை உருவாக்கப்பட்டது. மக்கள் அதை அடைப்புத் துறை என்றார்கள். தெருக்களை அடைப்பது அதன் வேலை அல்ல. தெருக்கள் அடைபட்டது அரசால்தான் என்று நிலைநாட்டுவதே அதன் வேலை. இதற்காகத் தெருமுனைக் கேமராவில் பதிவான நடமாட்டத்தை ஒரு கோடாக வரைந்தார்கள். உத்தரவு வந்த நாளில் கோடு செங்குத்தாக விழ வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கோடு விழுந்திருந்தது. ஆனால் முந்தைய வாரமே விழுந்திருந்தது. உத்தரவு வந்த நாளில் அது தரையில் கிடந்தது. அதற்குமேல் விழ அதற்கு இடமில்லை. இளநிலை அலுவலர் ஒருவர் கோட்டை ஒரு வாரம் வலப்புறம் நகர்த்தலாம் என்றார். இயக்குநர் அதை நேர்மையற்ற செயல் என்று கண்டித்தார். கோட்டைத் தொடாமல் அதன் பொருளை நகர்த்துவதே நிர்வாகம் என்றார்.

இப்படித்தான் ஆய்வாளர் கண்ணாடிக் கடை ஜன்னலுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு காதுக்கம்பி கழன்று, ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டிருந்தது.

“சார், இந்த அட்டை நீங்க எழுதினதா?”

“ஆமாங்க. கையெழுத்து கொஞ்சம் மோசம்.”

“கையெழுத்து பரவாயில்ல, விஷயம்தான் மோசம். மனமில்லைன்னு போட்டிருக்கீங்க. யாரோட மனசு?”

“என்னோடதுதான்.”

ஆய்வாளர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். “மெதுவா சொல்லுங்க சார். தெருவுல எல்லாரும் உத்தரவுக்காக மூடினோம்னு சொல்லிட்டாங்க. தேதி போட்டு மாட்டிக்கிட்டது நீங்க ஒருத்தர்தான்.”

“உத்தரவு வந்ததும் மூடத்தானே சொன்னாங்க? நான் மூடித்தானே வெச்சிருக்கேன்?”

“அங்கதான் சார் சிக்கலே. மூடியிருக்கற கடையை எப்படி மூடறது?”

தடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “டேய், யாருடா அது? வெளிய நிக்கறவரா, உள்ள வரப்போறவரா?”

“வெளியதான்கா.”

“அப்படின்னா மரியாதையா பேசு. உள்ள வந்தா சொல்லு, நான் பேசிக்கறேன்.”

கடைக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது கை தானாகத் தொழிலுக்குப் போய்விடும். ஆய்வாளரின் கண்ணாடியை ஜன்னல் வழியே கேட்டு வாங்கி, ரப்பர் வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, கடுகளவு திருகாணி ஒன்றைப் போட்டு முடுக்கித் துடைத்துக் கொடுத்தார். ஆய்வாளர் அதை மாட்டிக்கொண்டு அட்டையை இன்னொரு முறை வாசித்தார். அவர் முகம் மலர்ந்தது.

“அடடா, இப்போ எவ்ளோ தெளிவா தெரியுது சார். குத்தம்தான்.”

விசாரணைக்கு அழைப்பு வந்தது. துறை அலுவலகத்தின் கூட்ட அறையில், மனிதர்கள் இடைவெளி விட்டு அமர்வது பற்றிய விளக்கக் கூட்டத்துக்காக அழைக்கப்பட்டவர்களும் நெருக்கியடித்து அமர்த்தப்பட்டிருந்தார்கள். தொற்றுக் கருதி ஜன்னல்கள் இறுகச் சாத்தப்பட்டிருந்தன. இயக்குநர் மட்டும் பாதுகாப்பை முன்னிட்டு அடுத்த அறையில் தனியாக அமர்ந்து திரையில் தோன்றினார். அவர் பேசுவது முதலில் சுவர் வழியாகவும், சற்றுப் பின்னர் திரை வழியாகவும் கேட்டது.

“பயப்படாதீங்க. உங்களைத் தண்டிக்கக் கூப்பிடல, புரிய வைக்கக் கூப்பிட்டிருக்கோம். சூரியன் வர்றதுக்கு முன்னாடியே கிழக்கு வெளுக்குது. நான்தான் வெளுத்தேன்னு வானம் பெருமை அடிச்சுக்குதா? நாங்க உத்தரவு போடறதைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சது, நீங்க கடையை மூடறதுக்கு முன்னாடி.”

திரையில் செயலாளரின் தலை குறுக்கே வந்து ஏதோ முணுமுணுத்தது.

“சரி, அதுக்கு அப்புறம். ஆனா யோசிக்கணும்கற எண்ணம் எங்களுக்கு ரொம்ப நாளாவே இருந்துச்சு. அந்த எண்ணம் காத்துல பரவியிருக்கு. அது உங்களை வந்து தொட்டிருக்கு. நீங்க உங்க மனசுன்னு நெனச்சது எங்களைத்தான்.”

“இல்லீங்க,” என்றார் கடைக்காரர் தயக்கத்துடன். “அக்காவுக்கு ஒரு நுரையீரல்தான். வர்றவங்க முகத்துக்கு முகம் உக்காந்து கண்ணு பாக்கணும். அவங்களுக்கு இருந்தா எனக்கு வரும், எனக்கு வந்தா அக்காவுக்கு வரும். அதான்...”

“உங்க அக்கா ஏற்கெனவே எங்க கணக்குல காப்பாத்தப்பட்டவங்க. நீங்களும் காப்பாத்தினேன்னு சொன்னா, ஒரே ஆளை ரெண்டு தடவை காப்பாத்தின மாதிரி ஆயிடும். தணிக்கையில விடமாட்டாங்க.” இயக்குநர் குரலைத் தணித்துக்கொண்டார், சுவரில் மட்டும் அது தணியவில்லை. “வெளிப்படையாவே சொல்றேன். ஜனங்க ஆபத்தைப் பாத்து அவங்களாவே வீட்ல உக்காந்தாங்கன்னு ஒரு தடவை ஒத்துக்கிட்டா, அப்புறம் நாங்க எதுக்கு? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.” செயலாளரின் தலை மறுபடி குறுக்கே வந்து போயிற்று. “இல்ல, வேண்டாம். யோசிக்காதீங்க.”

கடை உரிமம் தொடர வேண்டுமானால் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். ‘வெளியிடப்படவிருந்த உத்தரவுக்கு நான் முன்கூட்டியே கீழ்ப்படிந்தேன்’ என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. அவர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். எந்தத் தூரத்திலும் அது அதையேதான் சொன்னது. பின்வரிசையில் எவரோ இருமினார்கள். அந்த அறையைவிட்டு எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறோமோ அவ்வளவு நல்லது என்று அவருக்குத் தோன்றியது. கையெழுத்திட்டார். பழக்கதோஷத்தில் தேதியும் போடப் போனார். செயலாளர் பாய்ந்து வந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்தே சொன்னார்.

“ஒரு கையெழுத்துதான்கா. கடை அப்படியேதான் இருக்கு. மூடித்தான் இருக்கு.”

“சாவி?”

“என் பாக்கெட்லதான்.”

“பாக்கெட் யாருது?” என்றாள் அக்கா. அவர் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். “ஊருக்கே கண்ணு பாக்கற. உனக்கு மட்டும் மூக்குக்குக் கீழ இருக்கறது தெரியாது.”

மறுநாள், மூடியிருந்த கடையை முறைப்படி மூட ஒரு குழு வந்தது. அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்கள். அந்த இடத்தில் ‘உத்தரவால் மூடப்பட்டது’ என்ற தகட்டை அறைந்தார்கள். முன்னோடிக் கீழ்ப்படிநர் என்ற பட்டத்தையும் ஒரு பொன்னிறச் சால்வையையும் வழங்கினார்கள். அனைவரும் தோளோடு தோள் உரசி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆண்டு முழுவதும் அந்தக் கடை வாசலில் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

பிறகு திறப்பு உத்தரவு வந்தது. நோய் போகவில்லை, மருத்துவமனைப் படுக்கைகளும் காலியாகவில்லை. ஆனால் முடக்கத்தின் பலனை நிலைநாட்டி முடித்துவிட்ட துறைக்கு அடுத்ததாகத் திறப்பின் பலனை நிலைநாட்ட வேண்டியிருந்தது. பெயர்ப் பலகையில் ‘முடக்க’ என்பதன் மேல் ‘திறப்பு’ என்று தாள் ஒட்டினார்கள். தெருவில் கடைகளின் இரும்புக் கதவுகள் உயர்ந்தன. தையல்காரர் கதவை முழங்கால் உயரம் தூக்கிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பேக்கரிக்காரர் ரொட்டி சுட்டு, அவரே தின்றார். ஆட்கள் வரவில்லை. மாடி ஜன்னல்களுக்குப் பின்னால் இருந்துகொண்டு தெருவைப் பார்த்தார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டால் ‘உத்தரவு’ என்றார்கள். எந்த உத்தரவு என்று கேட்டால், பழையது என்றார்கள். கேமராவின் கோடு தரையிலேயே கிடந்தது. விழச் சொன்னபோது முன்னதாகவே விழுந்திருந்த கோடு, எழச் சொன்னபோது எழ மறுத்தது. இயக்குநர் இதைத் தம் பணிக்காலத்தில் கண்ட மிக மோசமான ஒழுக்கக்கேடு என்றார்.

ஆகவே அடைப்புத் துறை ஒரு முன்மாதிரித் திறப்பு விழாவை நடத்த முடிவு செய்தது. முன்கூட்டியே மூடியவரின் கடையைத்தான் முதலில் திறக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. ஆய்வாளர் ஜன்னலைத் தட்டினார்.

“நாளைக்குக் காலையில திறக்கணும் சார். இயக்குநரே மொத வாடிக்கையாளரா வர்றாரு. நேரலை வேற.”

“என்ன சார் சொல்றீங்க? பக்கத்துத் தெருவுலயே ரெண்டு வீட்ல நோய் இருக்காம். அக்கா இருக்காங்க. கொஞ்ச நாள் போகட்டுமே.”

“மனசால மூடியிருந்தீங்கன்னா மனசு வர்றப்போ திறந்திருக்கலாம்.” ஆய்வாளர் உண்மையான வருத்தத்துடன்தான் சொன்னார். “நீங்க உத்தரவால மூடினவரு. உத்தரவு வந்தா திறந்துதானே ஆகணும்? இல்லேன்னா உரிமம் போயிடும். கையெழுத்துப் போட்டது நீங்கதானே சார்.”

கடைக்காரர் கவிழ்த்து வைத்திருந்த நாற்காலியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். வாயில் தெருவின் வழக்கமான ‘உத்தரவு’ என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதுவும் இப்போது எதிர்க்கட்சிக்குப் போய்விட்டிருந்தது.

காலையில் பொதுமக்கள் வந்து இறங்கினார்கள். துறையின் ஊழியர்களுக்கே அந்தப் பொறுப்பு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொருவர் மார்பிலும் ‘பொதுமக்கள்’ என்று அச்சிட்ட அடையாள வில்லை தொங்கியது. கணக்குப் பிரிவுப் பொதுமக்கள் வாசலிலும், பதிவறைப் பொதுமக்கள் உள்ளேயும் நிறுத்தப்பட்டார்கள். கேமராவில் கூட்டம் அடர்த்தியாகத் தெரிய வேண்டும் என்று ஒளிப்பதிவாளர் அவர்களை உள்ளே உள்ளே தள்ளினார். கடைசி வரிசையின் முதுகுகள் ஒட்டுப்பலகைத் தடுப்பில் அழுந்தின. தடுப்பு கிரீச்சிட்டது.

“டேய்,” என்றது உள்ளிருந்து ஒரு குரல். “சுவரு உள்ள வருதுடா.”

“பத்து நிமிஷம்க்கா. கதவைச் சாத்திக்கோ.”

“சாத்த நான் என்ன இயக்குநரா? இந்தப் பக்கம் கதவே இல்லடா.”

இயக்குநர் வந்து நாற்காலியில் அமர்ந்தார். நேரில் பார்ப்பதற்குத் திரையில் தெரிந்ததைவிடச் சிறிய ஆளாக இருந்தார். கேமராவைப் பார்த்துச் சொன்னார்: “போகச் சொன்னோம், போனாங்க. வரச் சொன்னோம், வந்துட்டாங்க. ஜனங்களுக்கும் அரசுக்கும் நடுவுல இருக்கற பாசம் இதுதான்.” பொதுமக்கள் கை தட்டினார்கள், வருகைப் பதிவேடு வாசலில் இருந்தது.

கடைக்காரர் வட்டச் சட்டகத்தை அவர் மூக்கில் மாட்டி, எதிர்ச்சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் காட்டினார். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு மேல்வரியிலிருந்து கீழ்வரி வரை பிசகில்லாமல் சொன்னார். அட்டையில் உள்ளதை முந்தின நாளே தட்டச்சு செய்து கொடுத்திருந்தார்கள். அடியில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்தே சொல்லி முடித்தார். மறுபடியும் கைதட்டல்.

கடைக்காரருக்கு அத்தோடு நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கை தானாகத் தொழிலுக்குப் போய்விட்டது. ஒரு வில்லையைச் செருகினார். அதை எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகினார். ஆயிரம் பேரிடம் கேட்டதையே கேட்டார்.

“இது நல்லா தெரியுதா சார், இல்ல இதுவா?”

இயக்குநர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். இது அவருக்குக் கொடுக்கப்பட்ட தாளில் இல்லை. அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

“ரெண்டுல எதுக்கு அரசோட பரிந்துரை இருக்கு?” என்று கேட்டார் இயக்குநர்.

“அப்படி ஒண்ணும் இல்லீங்க. உங்க கண்ணுக்கு எது தெரியுதுன்னு சொன்னா போதும்.”

“என் கண்ணுக்குன்னா... தனிப்பட்ட முறையிலயா?” அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். “அப்படி நான் எதையும் சொல்றதில்ல. இதுக்கு ஒரு குழு போடலாம். இல்லேன்னா ரெண்டையும் சேத்தே மாட்டுங்க.”

கடைக்காரர் இரண்டையும் சேர்த்து மாட்டினார். இயக்குநர், “அற்புதம், எல்லாமே தெளிவா இருக்கு,” என்றபடி ஆய்வாளர் பக்கம் திரும்பி, அவரைச் செயலாளர் என்று அழைத்தார். எவரும் திருத்தவில்லை. பொதுமக்களில் ஒருவர் அடக்கி வைத்திருந்த தும்மலைத் தும்மினார். இன்னொருவர் தொடர்ந்தார். தடுப்பு மீண்டும் கிரீச்சிட்டது. அதன் பின்னால் அக்கா இருமத் தொடங்கினாள். ஒற்றை நுரையீரலின் இருமல் அது. தொடங்கினால் முடிவதற்கு வழி தேடி அலையும். அடுத்து ஒரு ஏசல் வரும் என்று கடைக்காரர் காத்திருந்தார். வரவில்லை. ஏசுவதற்கு அவளுக்கு மூச்சு மிச்சம் இல்லை.

அவர் இயக்குநரின் மூக்கிலிருந்து சட்டகத்தைக் கழற்றினார். கழற்றியதைத் துடைத்து, பெட்டியில் அதனதன் பள்ளத்தில் வைத்து மூடினார். மேசை இழுப்பறையைத் திறந்து பழைய அட்டையை எடுத்தார்.

“எழுந்திருங்க சார். கடையை மூடறேன்.”

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. செயலாளர் உத்தரவுக் கோப்பை அவசரமாகப் புரட்டினார். பொதுமக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்மாடி ஜன்னலில் தையல்காரரின் மனைவி, வயிற்றில் கை வைத்தபடி, எட்டிப் பார்த்தாள்.

“மூடறீங்களா?” என்றார் இயக்குநர், எந்தப் பக்கம் பார்ப்பது என்று விளங்காமல். “யாரோட உத்தரவு?”

“உத்தரவு இல்ல சார்,” என்றார் கண்ணாடிக் கடைக்காரர், தெருமுனை வரை கேட்கும்படி. “அன்னிக்கும் எனக்குத்தான் தோணுச்சு. இன்னிக்கும் எனக்குத்தான் தோணுது. எல்லாரும் வெளிய போங்க.”